முதல் எண்

மெரிபேங்கில், கடலுக்கும் எண்ணெய் ஆலைக்கும் நடுவே,
வீட்டை விற்கிறார் பூபாலன் படையாச்சி.
வாங்குகிறவருக்கு என் கையெழுத்து வேண்டும்:
இந்த வீட்டு மின்சாரம் யாரையும் கொல்லாது என்று.

டிபி போர்டின் மூடியைக் கழற்றினேன்.
பல்லிமுட்டை ஓடு இரண்டு.
மின்வெட்டு நாளில் யாரோ செருகி மறந்த
பிறந்தநாள் மெழுகுவத்தி.
நடுவில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர்,
முப்பது மில்லி ஆம்பியர்,
வெள்ளையிலிருந்து தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

மீட்டரை மாட்டி அழுத்தினேன்.
டக்.
நானூற்றுப் பன்னிரண்டு மில்லி செகண்டு.
முந்நூறுக்குள் விழ வேண்டும்.

தூக்கிவிட்டு அழுத்தினேன்: முப்பத்தெட்டு.
அலையின் மறுபாதியில்: முப்பத்தொன்று.

‘நல்லாத்தானே இருக்கு’ என்றார் படையாச்சி,
கார் சாவியைச் சுண்டுவிரலில் சுழற்றியபடி.
‘அந்த முப்பத்தொன்றைப் போட்டுருங்க மேடம்.’

பேனாவை எடுக்கவில்லை.
ஃபிரிட்ஜ், கீசர், கேட் மோட்டார்,
எல்லாவற்றையும் பிடுங்கினான் சாண்டிலே.
நியூட்ரல் எங்காவது எர்த்தோடு
கள்ளத்தொடுப்பு வைத்திருந்தால்
கசிவில் ஒரு பங்கு அந்தச் சந்தில் திரும்பிவிடும்,
பிரேக்கர் கணக்கில் ஏமாறும்.
வைத்திருக்கவில்லை.
கராஜில் இருக்கிற இன்வெர்ட்டர்
நேர்மின்னோட்டத்தைக் கசியவிட்டுக்
கண்ணைக் கட்டுகிறதோ?
அதையும் கழற்றினேன்.
பிரேக்கரின் முனைகளிலேயே வைத்து அளந்தேன்.
முப்பத்திரண்டு. முப்பது. முப்பத்தொன்று.

குற்றவாளி வெளியே இருந்தால்
ஒவ்வொரு முறையும் தாமதப்படுத்தியிருப்பான்.
இது முதல் முறை மட்டும்.
கேள்வி கேட்டதிலேயே நோய் ஓடிவிட்டது,
டாக்டர் வாசலில் பல்வலி போவதுபோல.

‘இந்த டெஸ்ட் பொத்தானை எப்போது அழுத்தினீர்கள்?’
‘எந்தப் பொத்தான்?’

சுவருக்கு அடித்த க்ரீம் பெயிண்ட்
அதன் மேலும் ஒரு கோட்டு அடித்திருக்கிறது.
உள்ளே உப்புக்காற்று, ஆலைக் கரி,
பிசினாகிப்போன கிரீஸ்.
கொக்கி தூங்கியிருக்கிறது.
நான் தட்டியதும் எழுந்து
முகம் கழுவி
நல்ல பிள்ளையாக நிற்கிறது.

ஈரக் கையோடு கெட்டிலைத் தொடுகிறவளுக்கு
இரண்டாவது அழுத்தம் கிடையாது.
அவளுக்கு வாய்ப்பது முதல் எண்தான்.

என் மகள் வைகை சனிக்கிழமைதோறும்
தமிழ் வகுப்புக்குப் போகிறாள்.
குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
காரில் கை நொடித்துக்கொண்டே வருவாள்.
அந்தக் கணக்கில் சொன்னால்:
‘அ’ என்பதற்குள் விழ வேண்டியது
‘ஆ’ வரை இழுத்திருக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
தகுதியில்லை என்றும்.
படையாச்சியின் சாவி நின்றது.
புதியதன் விலை கேட்டார், முனகினார், கொடுத்தார்.

பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து
சமையலறை ஜன்னலில் வைத்தேன்.
ஆறு வாரம் தொடவில்லை.
எண்ணெய்ப்புகையும் கடல்காற்றும் அதன்மேல் போயின.
பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
மேசைமேல் இணைப்புக் கொடுத்து, அளந்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
மறுபடி: முப்பத்தைந்து.

வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்தபோது
கதவுக்குப் பின்னால் இருக்கும்
எங்கள் வீட்டு டிபி போர்டு கண்ணில் பட்டது.
அதன் பொத்தானை நான் அழுத்தி
எத்தனை மாதம்?
வருடம்?

மீட்டரைக் கொண்டுபோய் மாட்டினேன்.
விரல் சற்று நேரம் அழுத்தாமலே நின்றது.

டக்.
வீடு இருண்டது.
குளியலறையிலிருந்து வைகை,
தலை நிறைய நுரையோடு,
‘அம்மா...ஆ!’
நெடிலுக்கு மேல் நெடில்.

இருட்டில் மீட்டரின் திரை மட்டும் வெளிச்சம்.
இன்னும் குனிந்து பார்க்கவில்லை நான்.